பிளேயர் ஓய்வதற்கு முன்னே

தாணேயில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கூடத்தில், தொலைக்காட்சிக்குக் கீழே, ஒரு டி.வி.டி. பிளேயரும் அதன் அருகே ஒரு பெட்டி நிறையத் தட்டுகளும் இன்றும் இருக்கக் காண்கிறோம். அதனை நாள்தோறும் இயக்குவார் இல்லை. பொங்கலோ தீபாவளியோ வந்தால், அல்லது ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து தங்கினால், பழைய படம் ஒன்றையோ மகளின் திருமணத் தட்டையோ போட்டுப் பார்க்கும் ஆசை எழுகிறது. தட்டை உள்ளே இட்டதும் அது சுழலும் ஓசை கேட்கிறது, நிற்கிறது, மீண்டும் சுழல்கிறது. முடிவில் ‘நோ டிஸ்க்’ என்னும் இரண்டு சொற்களே திரையில் தோன்றுகின்றன. கண் முன்னே தட்டை வைத்துக்கொண்டு, தட்டே இல்லை என்று சொல்லும் கருவியை என்ன செய்வது?

இக்கேள்வியை அன்பர்கள் பலர் நம்மிடம் கேட்டதுண்டு. ‘தூக்கி எறிந்துவிடுங்கள், எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது’ என்பர் இளைஞர். ‘இருபது ஆண்டு உழைத்த பெட்டியை எப்படி எறிவது?’ என்பர் மூத்தோர். இரு சாராரும் கருவியைப் பற்றியே வழக்காடுகின்றனர். அக்கருவியால் மட்டுமே இன்று நாம் எட்டக்கூடிய பொருள் ஒன்று அந்தத் தட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. அதனை முதற்கண் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இத்திங்கள் நாம் கூற விழைவது.

டி.வி.டி. என்பது 1996-ஆம் ஆண்டு நவம்பரில் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் அது எளியோர் இல்லங்களுக்கும் வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. மோசர் பேயர் நிறுவனம் 2007-இல் மலிவு விலைத் தட்டுகளை வெளியிடத் தொடங்கி, வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று விற்றபோது, அதுவரை திருட்டுப் பிரதி ஒன்றே கதியென்று இருந்தோரும் நேரிய வழியில் தட்டு வாங்க முடிந்தது. தமிழ்ப் படம் பார்க்க வேண்டுமென்றால் மாதுங்காவின் அரோரா திரையரங்குக்குக் குடும்பத்தோடு இரயிலேறிச் சென்ற தலைமுறை, வீட்டுக் கூடத்திலேயே அதனைக் கண்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கும், தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள், பிற்காலத்தில் தாணேயிலும் அதற்கப்பாலும் வீடு அமைத்தபோது, அரிசிப் பானையோடும் சுவாமி படத்தோடும் கொண்டுவந்த பொருள்களில் இந்தத் தட்டுப் பெட்டியும் ஒன்று.

கருவி ஏன் தளர்கிறது என்பதை அறிந்தால், அது இன்னும் எவ்வளவு உழைக்கும் என்பதையும் ஒருவாறு அறியலாம். தட்டிலே தகவல் நுண்ணிய குழிகளாக, சுருள் வழியாக, உள்ளிருந்து வெளியே பதிக்கப்பட்டிருக்கிறது. ஒரு தலைமயிரின் அகலத்துக்குள் ஏறத்தாழ நூறு தடங்கள் அடங்கிவிடும், அத்துணை நெருக்கம். அக்குழிகளின் மேல் சிவப்பு லேசர் ஒளியைப் பாய்ச்சி, திரும்பிவரும் ஒளியைப் படித்தே பிளேயர் படம் காட்டுகிறது. ஒளி செல்லும் சிறு கண்ணாடியாகிய லென்ஸின் மேல் தூசி படிந்தாலும், லேசர் வலுவிழந்தாலும், தட்டைச் சுழற்றும் மோட்டார் தேய்ந்தாலும் விளைவு ஒன்றே: ‘நோ டிஸ்க்’.

எது பழுது என்று கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். டி.வி.டி. தட்டைப் படிக்கச் சிவப்பு லேசர் வேண்டும். அதன் அலைநீளம் 650 நானோமீட்டர். பாட்டு சி.டி.யையும் வி.சி.டி.யையும் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. ஆகவே, பாட்டு சி.டி. தடையின்றிப் பாடியும் டி.வி.டி. மட்டும் ஓடவில்லையென்றால், சிவப்பு லேசர் சோர்ந்துவிட்டது என்று ஐயுறலாம். கடையில் வாங்கிய படத்தட்டு ஓடியும், ஸ்டுடியோக்காரர் எழுதிக் கொடுத்த திருமணத் தட்டு ஓடவில்லையென்றாலும் அதே ஐயம் எழ வேண்டும். ஆலையில் அச்சிட்ட தட்டைவிடக் கணினியில் எழுதிய தட்டு ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும். தளர்ந்த லேசருக்கு அது போதாது. படம் பாதியில் நின்றுவிடுகிறது என்றால், அத்தட்டு இரண்டு அடுக்குகள் கொண்டதாக இருக்கலாம். முதல் அடுக்கு முடிந்து இரண்டாவதற்கு மாறும் இடத்திலேதான் கிழக் கருவிகள் பெரிதும் தடுமாறும்.

இவற்றையெல்லாம் ஆராயுமுன், கம்பிகளைப் பார்த்துவிடுவது நல்லது. பழைய பிளேயரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளுக்குரிய துளைகள் புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் இல்லை. சிலவற்றில் அவை ஒரே சிறு துளையாகச் சுருங்கிவிட்டன. தொலைக்காட்சி மாறிய பிறகு படம் வராமற் போனால் பழி பிளேயர் மீது விழுகிறது. குற்றமோ இணைப்பில் இருக்கிறது. அக்கம்பிகளை எச்.டி.எம்.ஐ. துளைக்கு இணைக்கும் சிறு மாற்றுப் பெட்டி ஒன்று வாங்கினால் அத்தொல்லை தீரும். படம் சற்று மங்கலாகத் தெரிவதும் பழுதன்று. நம் நாட்டு டி.வி.டி. படத்தில் 576 வரிகளே உண்டு. இன்றைய தொலைக்காட்சித் திரையில் 1080 வரிகளும், சிலவற்றில் 2160 வரிகளும் உள்ளன. சிறிய துணியை இழுத்துப் பெரிய கட்டிலுக்கு விரித்தது போன்ற நிலை அது.

தட்டைத் துடைப்பதிலும் முறை உண்டு. நம்மில் பலர் தட்டை வட்டமாகத் துடைக்கின்றனர், அது தவறு. துடைக்கும்போது கீறல் விழுந்தால், அது தடத்தின் போக்கிலேயே நீண்டு, தொடர்ந்து பல குழிகளை அழித்துவிடும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக, மெல்லிய பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். குறுக்கே விழும் சிறு கீறலைப் பிளேயரே கணக்கிட்டுச் சரிசெய்து கொள்ளும். பற்பசை தேய்த்தால் கீறல் போகும் என்று சொல்வாரும் உண்டு. அது புதுக் கீறல்களையே உண்டாக்கும். விரிசல் விட்ட தட்டை எக்காரணத்தாலும் உள்ளே இடலாகாது. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழலும்போது அது சிதறிக் கருவியையும் கெடுக்கும்.

லென்ஸைத் துடைக்க எண்ணுவோர் மின்கம்பியை முதலில் பிடுங்கிவிட வேண்டும். லேசர் ஒளி கண்ணுக்குக் கேடு. சிறு தூரிகை ஒட்டிய ‘லென்ஸ் கிளீனர்’ தட்டைப் போட்டுப் பார்ப்பது முதற் படி. அது பயன்தராவிடில், பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர், பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சில துளி நனைத்து, பூவைத் தொடுவது போல் தொட்டு எடுக்கலாம். அந்த லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குவது. அழுத்தினால் அதோடு முடிந்தது.

நம் ஊருக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. கழிமுகத்துக்கும் யேவூர்க் குன்றுகளுக்கும் இடையே அமைந்த தாணேயில், ஜூன் முதல் செப்டம்பர் வரை சுவரே வியர்க்கிறது. அலமாரித் துணியில் பூசணம் பிடிக்கும் அக்காலத்தில், தட்டும் லென்ஸும் மட்டும் தப்புமா? தட்டுகளை உறையிலிட்டு நிமிர்த்தி வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிகா மணிப் பொட்டலம் ஒன்றையும் பெட்டிக்குள் போட்டு வைத்தல் வேண்டும். குளிர்சாதன அறையிலிருந்து கொணர்ந்த பிளேயரை உடனே இயக்காமல், ஒரு மணி நேரம் ஆறவிட்டு இயக்க வேண்டும். லென்ஸின் மேல் படியும் நீர்த்துளி அதற்குள் உலர்ந்துவிடும்.

இத்தனை செய்தும் கருவி இணங்கவில்லையா? பழுது பார்ப்போரிடம் கேட்கலாம். மும்பையில் கிராண்ட் ரோடு நிலையத்தருகே உள்ள லாமிங்டன் சாலை, மின்னணுப் பொருள்களுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் நெடுங்காலமாகப் பெயர்பெற்ற இடம். லென்ஸ் தொகுதியை மாற்றிக் கொடுப்போர் இன்னும் கிடைக்கலாம். எனினும், மாற்றும் செலவு புதுப் பிளேயரின் விலையை நெருங்குமானால், புதியதே மேல்.

புதிய வழிகள் மூன்று. முதலாவது, மற்றொரு டி.வி.டி. பிளேயர், அல்லது புளூரே பிளேயர். புளூரே பிளேயரில் டி.வி.டி.யும் ஓடும். இரண்டாவது, கணினியில் யு.எஸ்.பி. கம்பியால் இணைக்கும் வெளி டிரைவ். இன்றைய மடிக்கணினிகளில் தட்டு இடும் வாயே இல்லாமையால் இது தேவையாகிறது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் டி.வி.டி. காட்டும் வசதியைக் கணினியோடு சேர்த்துத் தருவதில்லை, எனவே வி.எல்.சி. என்னும் இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ள வேண்டும். அந்த டிரைவை நேரே தொலைக்காட்சியில் செருகிப் பயனில்லை. பெரும்பாலான தொலைக்காட்சிகள் அதனை அறியா. மூன்றாவது, பிள்ளைகள் விளையாடும் பிளேஸ்டேஷன் கருவி. தட்டு இடும் வாய் உள்ள வகையானால், அது டி.வி.டி.யும் காட்டும்; வீட்டிலேயே இருந்தும் பலர் இதனை அறிவதில்லை.

உறவினர் வெளிநாட்டிலிருந்து தட்டு அனுப்பும் வழக்கமுள்ள நம்மவர்கள் இன்னொன்றும் அறிய வேண்டும். உலகை வட்டாரங்களாகப் பகுத்து, ஒரு வட்டாரத் தட்டு இன்னொன்றில் ஓடாதவாறு செய்துள்ளனர். இந்தியாவும் இலங்கையும் ஐந்தாம் வட்டாரம்; சிங்கப்பூரும் மலேசியாவும் மூன்றாவது; துபாய் முதலிய வளைகுடா நாடுகள் இரண்டாவது. பல தமிழ்ப் படத் தட்டுகளுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. கட்டுப்பாடு உள்ள தட்டைக் கணினி டிரைவில் இடும்போது, ‘வட்டாரத்தை மாற்றவா?’ என்று கேட்கும். ஐந்து முறைதான் மாற்றலாம். அதன்பின் கடைசி வட்டாரத்திலேயே அது நிலைத்துவிடும். கேட்டதற்கெல்லாம் ‘ஆம்’ என்று அழுத்தும் பிள்ளைகளிடம் இதனைச் சொல்லி வைத்தல் நலம்.

இதுவரை கருவியைப் பற்றிப் பேசினோம். இனி, தட்டுப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பவற்றை இரண்டாகப் பிரித்து வைப்போம்.

ஒரு பக்கம் கடையில் வாங்கிய படங்கள். இவை ஆலையில் அச்சிட்டவை. குழிகள் பிளாஸ்டிக்கிலேயே வார்க்கப்பட்டவை. நன்கு வைத்தால் நெடுநாள் நிற்பவை. ஒன்று கெட்டாலும், பெரும்பாலான படங்கள் வேறு வழியிற் கிடைக்கும். மறு பக்கம் திருமணம், மணிவிழா, புதுமனை புகுவிழா, மகளின் அரங்கேற்றம், ஊர்க் கோயில் கொடை ஆகியவற்றின் தட்டுகள். இவை அச்சிட்டவை அல்ல. சாயப் பூச்சு ஒன்றின் மேல் லேசரால் எழுதப்பட்டவை. வெயிலாலும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் அச்சாயம் நாளடைவில் மங்கும். தட்டு பார்வைக்குப் புதிது போலவே இருக்கும். எழுத்து மட்டும் உள்ளுக்குள் அழிந்துகொண்டிருக்கும். அழிந்தபின் எந்தக் கடையிலும் மறுபிரதி வாங்க முடியாது.

வீடுகளில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. படத்தட்டை ஆண்டுதோறும் எடுத்துத் துடைக்கிறோம். திருமணத் தட்டை ‘பத்திரமாக’ அலமாரியின் அடியில் பட்டுப்புடவைக்குக் கீழே வைத்துவிட்டு, பதினைந்து ஆண்டு திறவாமல் இருக்கிறோம். திறக்கும் நாளில் பிளேயர் இருக்குமா, தட்டு படிக்குமா என்பதை எண்ணுவதில்லை.

அத்தட்டில் மணமக்கள் மட்டுமா இருக்கின்றனர்? பந்தியில் இலை போடும் சித்தப்பா இருக்கிறார். இன்று அவர் இல்லை. ஊஞ்சலில் லாலி பாடும் பாட்டி இருக்கிறார். அந்தக் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. அவர்கள் பேசும் பேச்சு, திருநெல்வேலியின் ‘ஏலே’யும் தஞ்சையின் ‘என்னங்காணும்’ என்பதும், தாணேயில் பிறந்து மராத்தியும் இந்தியும் பேசி வளரும் நம் பேரப்பிள்ளைகள் காதில் வேறு எவ்வாறு விழும்? பாடப் புத்தகத்தில் அத்தமிழ் இல்லை. முன்னோர் பேசிய வாய்மொழி சில வீடுகளில் இந்த ஒரு தட்டிலே மட்டுந்தான் எஞ்சியிருக்கிறது.

பேணாதன அழியும் என்பதற்கு இம்மும்பை நகரமே சான்று. தமிழின் முதற் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ மும்பையிலேதான், அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனத்தாரால் எடுக்கப்பெற்றது. எச். எம். ரெட்டி இயக்க, டி. பி. ராஜலட்சுமி நடித்த அப்படம் 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் சென்னையில் வெளியாயிற்று. மக்கள் திரண்டு கண்ட படம். இன்று அதன் பிரதி ஒன்றேனும் எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. பொருளும் ஆளும் உடைய நிறுவனம் எடுத்த படத்துக்கே அக்கதி என்றால், அலமாரியடியில் கிடக்கும் ஒற்றைத் தட்டை யார் காப்பார்? நாமே காத்தல் வேண்டும்.

காலமும் நமக்காகக் காத்திராது. வீடியோ கேசட் கருவியைக் கடைசியாகச் செய்துவந்த ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016-ஆம் ஆண்டு ஜூலையில் அதனை நிறுத்திற்று. நெட்ஃபிளிக்ஸ், தான் தொடங்கிய தொழிலாகிய தட்டு அஞ்சலை 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் முடித்துக்கொண்டது. டி.வி.டி. பிளேயர் இன்னும் கடையிற் கிடைக்கிறது. கிடைக்கும்போதே காரியத்தை முடித்துக்கொள்வது அறிவுடைமை.

ஆகவே நாம் சொல்வது இது: பிளேயர் தடுமாறத் தொடங்கியதை, தட்டுகளைக் கவனிக்க வேண்டிய நாள் வந்துவிட்டது என்னும் அறிவிப்பாகக் கொள்ளுங்கள். படம் பார்ப்பதைச் சற்று ஒத்தி வைத்து, குடும்பத் தட்டுகளைப் பிரதி எடுப்பதில் முனையுங்கள்.

செய்முறை கடினமன்று. கணினியில் தட்டைத் திறந்தால் ‘வீடியோ டி.எஸ்.’ என்னும் கோப்புறை தெரியும். வீட்டு நிகழ்ச்சித் தட்டுகளுக்குப் பெரும்பாலும் பூட்டு இராது. அக்கோப்புறையை முழுவதுமாக நகலெடுத்தாற் போதும். ஓர் அடுக்குத் தட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட், 64 ஜிகாபைட் பென் டிரைவ் ஒன்றில் அத்தகைய தட்டுகள் பன்னிரண்டேனும் அடங்கும். அவற்றைக் கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் ஓடும் எம்.பி.4 வடிவுக்கு மாற்ற ‘ஹேண்ட்பிரேக்’ என்னும் இலவச மென்பொருள் உண்டு. மாற்றியபின்னும் மூல நகலை அழித்துவிடாதீர்கள். ஒரு டிரைவ் படிக்க மறுக்கும் தட்டை இன்னொரு டிரைவ் படித்துவிடுவதும் உண்டு. இரண்டு மூன்றில் முயன்று பாராமல் நம்பிக்கை இழக்க வேண்டாம். சிறு கேமராவில் நேரே பதிவான எட்டு சென்டிமீட்டர்க் குட்டித் தட்டு இருந்தால், அந்தக் கேமராவை எறியாதீர்கள். முறையாக முடித்து மூடப்படாத தட்டு, பதிவு செய்த கருவியிலேயே திறக்கும்.

உரிமை பற்றியும் ஒரு சொல். பணம் கொடுத்து எடுக்கச் செய்த திருமணப் படத்தின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, எடுக்கச் செய்தவருக்கே என்பது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். அதனைப் பிரதி எடுக்கத் தயங்க வேண்டியதில்லை. கடைப்படங்களின் நிலை வேறு. பிறர் உரிமையை மீறும் நோக்கோடு தட்டின் பூட்டை உடைப்பதை 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றமாக்கியுள்ளது.

பிரதி ஒன்று போதாது, இரண்டு வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் அது ஒன்றுக்கே சமம். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் தொடங்கிய ஒரே நாட்பொழுதில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதையும், தரைத்தளத்து வீடுகளில் வெள்ளம் புகுந்ததையும் இப்பகுதி மறந்திராது. ஒரு பிரதி தாணேயில் இருக்கட்டும். மற்றொன்று ஊரிலுள்ள அண்ணன் வீட்டிலோ, வெளிநாட்டிலுள்ள மகளிடமோ இருக்கட்டும். புலம்பெயர்ந்து பல ஊர்களில் சிதறி வாழ்வது நமக்குத் துன்பம் என்றே எண்ணி வந்தோம். இந்த ஒன்றிலாவது அது நன்மையாகட்டும்.

பிரதி எடுத்து முடிந்தபின், ஓய்ந்த பிளேயரைக் குப்பையில் இடாதீர்கள். மின்னணுக் கழிவு பற்றிய 2022-ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன; முறையாகச் சேகரிப்போரிடமே அதனைச் சேர்ப்பது குடிமக்கள் கடமை.

இவ்வேலைக்குப் பெரியோரும் இளையோரும் ஒன்றுசேர வேண்டும். கணினியை இயக்கப் பேரன் அறிவான். திரையில் தோன்றும் முகங்கள் யார் யார் என்று பாட்டிதான் அறிவார். பிரதி ஓடும்போது அருகே அமர்ந்து, பந்தலில் நிற்கும் ஒவ்வொருவரின் பெயரையும் உறவையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் சொல்ல வல்லார் நம்மிடையே இருக்கும்போதே இது நடந்தாக வேண்டும். வரும் ஞாயிறு பிற்பகல் அலமாரியின் அடியிலிருந்து அந்தத் தட்டுகளை வெளியே எடுங்கள். முதல் தட்டு எது என்பதைப் பாட்டியே சொல்லட்டும்.